பிள்ளைக்கு எந்த லாங்குவேஜ்? "ஏடா" என்றேன், சிரித்தார்கள்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு பால்கனியில் நடந்த கதை. நான் புனேவில் பதினெட்டு வருஷமாகப் பொட்டி தட்டிக்கொண்டிருக்கிறவன். எதிர் விங்கில் ஒரு விருதுநகர்க்காரர் இருக்கிறார், எங்கள் எல்லாருக்கும் அண்ணாச்சி. அவர் மகன் இங்கேயே பிறந்து வளர்ந்தவன், இன்ஜினியரிங் மூன்றாவது வருஷம். அவனையும் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். தங்கமணி காபி கொண்டு வருவதற்குள் மேட்டருக்கு வந்துவிட்டார்.

"தம்பி, இவன் எலெக்ட்ரானிக்ஸ் எடுத்திருக்கான். எம்பெடட் பக்கம் போகணுங்கான். சி தெரியுமாம், பைத்தான் தெரியுமாம். இன்னொண்ணு படிக்கணும்னா எதைப் படிக்கணும்? நீங்க சொல்லுங்க."

"ஏடா" என்றேன்.

அண்ணாச்சி முகம் மாறிவிட்டது. பையனை மரியாதை இல்லாமல் கூப்பிட்டுவிட்டேன் என்று நினைத்துவிட்டார்! அண்ணாச்சி, அது மொழியோட பேரு என்று விளக்குவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. பையன் அதற்குள் போனை எடுத்து ஒரு வேலைவாய்ப்புத் தளத்தில் தேடிவிட்டான்.

"அங்கிள், ஜாவாவுக்குப் பக்கம் பக்கமா வருது. இதுக்கு ஸ்க்ரோல் பண்ணவே வேணாம்."

எல்லாரும் சிரித்தார்கள். தங்கமணியும்தான். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. வேலைச் சந்தையில் இல்லாத மொழி மொழியே இல்லை என்று நாமே எப்போது முடிவு கட்டினோம்? இந்த எண்ணத்தோடு எனக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. அதை இன்றைக்குத் தீர்த்துவிடுகிறேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் இருந்த கம்பெனியில் (பேர் வேண்டாம்) பால் குளிரூட்டும் தொட்டிகளுக்கான கண்ட்ரோலர் செய்துகொண்டிருந்தோம். கிராமத்து சொசைட்டியில் சாயங்காலம் எல்லாரும் கறந்து கொண்டுவந்து ஊற்றுவார்கள். அதை 4 டிகிரிக்குக் குளிர வைத்து, காலையில் லாரி வரும்வரை காப்பாற்ற வேண்டும். வேலை அவ்வளவுதான். எழுதியது சி மொழியில்.

பழைய சென்சார் கார்டு வெப்பத்தைப் பத்தில் ஒரு டிகிரி கணக்கில் சொல்லும். அதாவது 4 டிகிரி என்றால் 40 என்று வரும். ஆகவே கட்டுப்பாட்டுப் பகுதியில் 'எண் 40-க்கு மேலே போனால் கம்ப்ரஸரை ஓட்டு' என்று எழுதியிருந்தோம். பிறகு விலை குறைவான புது சென்சார் கார்டு வந்தது. டீமில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் அதற்கான டிரைவரை எழுதினான். அது முழு டிகிரியில் சொன்னது. 4 டிகிரி என்றால் 4.

என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அப்போதுதான் கறந்த பால், 32 டிகிரி. 32 என்பது 40-ஐ விடக் குறைவு. 'ஆஹா, பால் நன்றாகக் குளிர்ந்திருக்கிறது' என்று இயந்திரம் நினைத்துக்கொண்டது. கம்ப்ரஸர் ஓடவில்லை. அலாரமும் அதே எண்ணைப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும், அதுவும் அடிக்கவில்லை. லேபில் பழைய கார்டை வைத்துச் சோதித்ததால் எல்லாம் பாஸ். புரோகிராம் ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் கம்பைல் ஆனது. ரிவ்யூ செய்து 'சரி' என்று கையெழுத்துப் போட்டது... அடியேன்தான்.

சாங்லி பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு மறுநாள் மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். ஒரு தொட்டி முழுக்கப் பால் திரிந்து போய், வாய்க்காலில் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். வாசம் இன்னும் மூக்கில் இருக்கிறது. தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் என் லேப்டாப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மராத்தியில் கேட்டார்: "மிஷினுக்குத் தெரியலையா?"

பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். கம்பெனி பிறகு சொசைட்டிக்குப் பணம் கொடுத்தது, அது வேறு. ஆபீஸில் என்ன நடந்தது தெரியுமா? அந்தப் பையனின் 'கவனக்குறைவு' என்று ஃபைலை மூடினார்கள். அவனுக்கு அந்த வருஷம் இன்க்ரிமெண்ட் இல்லை. கையெழுத்துப் போட்ட எனக்கு இருந்தது!

'நல்ல புரோகிராமர் கவனமாக எழுதுவான், தப்பு வராது.' எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய பொய் கிடையாது. மனுஷன் என்றால் கவனம் தப்பும். அதை அவன் மேஜையிலேயே பிடித்து நிறுத்தும் கருவி நாற்பது வருஷத்துக்கும் மேலாக இருக்கிறது, நாம்தான் எடுத்துப் பார்க்கவில்லை. என் சண்டை அதைப் பற்றித்தான்.

சரி, ஏடா என்றால் என்ன?

1970-களில் அமெரிக்க ராணுவத் துறை ஒரு கணக்கெடுத்துப் பார்த்தது. ஏவுகணை, விமானம், ரேடார் என்று கருவிகளுக்குள் ஓடும் புரோகிராம்களை 450-க்கும் மேற்பட்ட மொழிகளில் எழுதி வைத்திருந்தார்கள். இது கட்டுப்படியாகாது, ஒரே மொழி வேண்டும் என்று முதலில் தேவைகளை எழுதினார்கள், பிறகு போட்டி வைத்தார்கள். நான்கு அணிகளுக்கும் பேருக்குப் பதில் நிறம்: பச்சை, சிவப்பு, நீலம், மஞ்சள். 1979-ல் ஜெயித்தது பச்சை. பிரான்ஸைச் சேர்ந்த ஜான் இஷ்பியா தலைமையிலான அணி. உலகின் முதல் புரோகிராமர் என்று சொல்லப்படும் ஏடா லவ்லேஸ் அம்மையாரின் பெயரை வைத்தார்கள். ராணுவத் தர எண்கூட 1815, அவர் பிறந்த வருஷம். 1983-ல் முறையான தரம் வந்தது. பிறகு 1995, 2005, 2012, 2022 என்று புதுப்பித்துக்கொண்டே வருகிறார்கள். செத்த மொழி என்பவர்கள் இந்த வருஷங்களை ஒருமுறை பார்க்கவும்.

இது சிஸ்டம்ஸ் மொழி. அதாவது லிஃப்ட், பிரேக், பால் தொட்டி போன்றவற்றுக்குள் சிப்போடு நேரடியாகப் பேசும் புரோகிராம்களை எழுதும் மொழி. சி இருக்கும் அதே தெருதான். எனக்குப் பிடித்த விஷயங்களைப் புரோகிராம் எழுதாதவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்கிறேன்.

1. எண் என்பது வெறும் எண் இல்லை.
டிகிரி என்று ஒரு வகை, பத்தில்-ஒரு-டிகிரி என்று இன்னொரு வகை, இரண்டையும் தனித்தனியாக அறிவிக்கலாம். பிறகு ஒன்றை இன்னொன்றோடு கூட்டவோ ஒப்பிடவோ போனால் கம்பைலர் மறுத்துவிடும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் நீங்களே வெளிப்படையாக எழுதி மாற்ற வேண்டும். எங்கள் பால் தொட்டி விவகாரம் அன்றைக்குச் சாயங்காலமே, புனேவிலேயே முடிந்திருக்கும். இது கிராமத்துக் கதை மட்டும் இல்லை. 1999-ல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் தொலைந்துபோனதற்குக் காரணமும் இதே ஜாதிதான். ஒரு பக்கம் பவுண்டு கணக்கு, இன்னொரு பக்கம் நியூட்டன் கணக்கு.

2. எல்லை போடலாம்.
'இந்த எண் 0 முதல் 100 வரைதான்' என்று வகையிலேயே எழுதிவிடலாம். 101 வந்தால் புரோகிராம் அந்த இடத்திலேயே கையைத் தூக்கும். சி-யில் எண் கொள்ளளவைத் தாண்டினால் பெரும்பாலும் சத்தமே இல்லாமல் வேறொரு எண்ணாகி, பத்து ஃபைல் தள்ளிப் போய் வெடிக்கும்.

3. வரிசைக்கும் எல்லை உண்டு.
பத்து இடம் உள்ள வரிசையில் பதினோராவது இடத்தைக் கேட்டால் ஏடா கொடுக்காது. 2014-ல் ஹார்ட்பிளீட் என்று உலகமே அலறியது நினைவிருக்கிறதா? கேட்டவன் சொன்ன நீளத்தைச் சரிபார்க்காமல், பக்கத்து நினைவகத்தில் இருந்ததையும் அள்ளிக் கொடுத்த ஓட்டை அது. சி-யில் எழுதியது.

4. 'எண்ட் இஃப்' கட்டாயம்.
ஒரு நிபந்தனையைத் திறந்தால் மூடியே ஆக வேண்டும். சின்ன விஷயம்தானே என்று தோன்றும். அதே 2014-ல் ஆப்பிளின் பாதுகாப்புக் கோடில் ஒரே வரி தவறுதலாக இரண்டு முறை வந்துவிட்டது. அடைப்புக்குறி இல்லாததால் இரண்டாவது வரி எப்போதும் ஓடி, சரிபார்ப்பையே தாண்டிக் குதித்துவிட்டது. ஏடாவில் அந்த வரி 'எண்ட் இஃப்'-க்கு உள்ளேதான் விழுந்திருக்கும்.

5. விட்டுப்போனதைச் சொல்லும்.
இயந்திரத்துக்கு 'ஓடுகிறது, நிற்கிறது, பழுது' என்று மூன்று நிலைகள் வைத்து இருபது இடத்தில் பயன்படுத்துகிறீர்கள். அடுத்த வருஷம் 'கழுவுகிறது' என்று நான்காவது ஒன்றைச் சேர்த்தால், அதைக் கவனிக்காமல் விட்ட ஒவ்வொரு 'கேஸ்' கட்டளையையும் கம்பைலர் காட்டிக்கொடுக்கும்.

6. சிப்பின் ஒவ்வொரு பிட்டுக்கும் பெயர்.
ஹார்டுவேர் ரெஜிஸ்டரில் எந்த பிட் எதற்கு என்று ஒரு இடத்தில் அறிவித்துவிட்டால், பிறகு பெயர் சொல்லியே எழுதலாம். ராத்திரி இரண்டு மணிக்கு ஷிஃப்ட், மாஸ்க் என்று விரல் விட்டு எண்ண வேண்டாம். எம்பெடட் ஆட்கள் இதற்காகவே ஒருமுறை எட்டிப் பார்க்கலாம்.

7. வாக்குறுதி எழுதலாம்.
இந்த ஃபங்ஷனைக் கூப்பிடும்முன் இது உண்மையாக இருக்க வேண்டும், முடித்தபின் இது உண்மையாக இருக்கும் என்று 2012 தரத்திலிருந்து புரோகிராமிலேயே எழுதலாம். ஸ்பார்க் என்ற அதன் உட்பிரிவில் இன்னும் ஒரு படி மேலே. எழுதிய வாக்குறுதி எந்தச் சூழ்நிலையிலும் உடையாது என்று, புரோகிராமை ஓட்டாமலே கணித முறையில் நிரூபிக்கலாம். என்விடியா தன் பாதுகாப்பு சார்ந்த ஃபர்ம்வேருக்கு ஸ்பார்க்கை எடுத்துக்கொண்டது இதனால்தான்.

போயிங் 777-ன் பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில் ஏடா இருக்கிறது. பாரிஸ் மெட்ரோவின் 14-ஆம் தடத்தில் 1998 முதல் ஓட்டுநரே இல்லாமல் ரயில் ஓடுகிறது. அதன் பாதுகாப்பு மென்பொருளைக் கணித முறையில் நிரூபித்து, பிறகு ஏடாவாக மாற்றினார்கள். வேலைவாய்ப்புத் தளத்தில் ஸ்க்ரோல் பண்ண வேண்டாத மொழியை நம்பித்தான் இத்தனை பேர் உட்கார்ந்து போகிறார்கள்.

இப்போது எதிர்ப்பேச்சுக்கு வருவோம். ஆபீஸில் இதைச் சொல்லும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் எழுந்து நிற்பார்.

"ஏரியான் ராக்கெட் வெடித்ததே, அது ஏடாதானே?"

ஆமாம். 1996 ஜூன் 4. ஏரியான் 5-ன் முதல் பயணம், கிளம்பி 40 விநாடிக்குள் சிதறியது, உள்ளே நான்கு செயற்கைக்கோள்கள். இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் விசாரணை அறிக்கையைப் படித்ததில்லை. ஏரியான் 4-க்கு எழுதிய கோடை அப்படியே எடுத்து வைத்தார்கள். புது ராக்கெட்டின் வேகத்தில் ஒரு எண், 16 பிட் இடத்துக்குள் அடங்காத அளவுக்குப் பெரிதாகிவிட்டது. ஏடா அதைப் பிடித்தது! பிடித்துச் சொன்னதைக் கேட்க அங்கே யாரும் இல்லை. ஏழு மாறிகளில் மூன்றுக்கு, கணினியின் சுமையைக் குறைக்க வேண்டும் என்று, பாதுகாப்பு வேண்டாம் என முடிவெடுத்தவர்கள் மனிதர்கள். கணினி நின்றது. மாற்றுக் கணினியிலும் அதே கோடு, அதுவும் நின்றது. இதில் பெரிய கொடுமை, அந்தக் கணக்கு ராக்கெட் கிளம்பிய பிறகு தேவையே இல்லாதது.

பழைய கோடு, புதுக் கருவி, பழைய கருவியை நினைத்துச் செய்த சோதனை. எங்கள் பால் தொட்டியும் அதேதான். ஆகவே ஏடா எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஏடாவிலும் எல்லாவற்றையும் 'இண்டிஜர்' என்றே அறிவித்துவிட்டு உட்கார்ந்தால் பால் திரியத்தான் செய்யும். மொழி வாய்ப்புத் தரும், நினைத்ததை எழுதுவது நம் பொறுப்பு.

"சி-யிலும் இதையெல்லாம் செய்யலாமே?"

செய்யலாம். ஸ்ட்ரக்ட்டில் பொதியலாம், தனியாகக் கருவி வாங்கிச் சோதிக்கலாம், விதிப் புத்தகம் போடலாம். பதினெட்டு வருஷத்தில் டெட்லைன் நெருங்கும்போது அதைச் செய்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடுவேன். ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்களை புனேவில் தினமும் பார்க்கிறேன், அவர்களிடமும் ஹெல்மெட் இருக்கத்தான் செய்கிறது.

"மொழி ரொம்பப் பெரிசு, வளவளன்னு இருக்கு."

இதில் கொஞ்சம் உண்மை உண்டு. டோனி ஹோர் மாதிரி ஒரு மேதையே 1980-ல் டூரிங் விருது உரையில், இவ்வளவு சிக்கலான மொழியை நம்பலாமா என்று எச்சரித்தார். ஆரம்ப காலக் கம்பைலர்கள் விலையும் அதிகம், வேகமும் குறைவு. 1990-களில் ஜிநாட் என்ற இலவசக் கம்பைலர் வந்தபிறகு அந்தச் சாக்கு போய்விட்டது. வளவளப்பு? ஒருமுறை எழுதுகிறோம், இருபது வருஷம் வேறு யாரோ படிக்கிறார்கள். படிக்கிறவனுக்காக எழுதிய மொழி இது.

"ரஸ்ட் வந்துவிட்டதே?"

தாராளமாகப் படியுங்கள். நினைவகத்தைக் கேட்டு வாங்கித் திருப்பிக் கொடுக்கும் விஷயத்தில் ரஸ்ட்டின் கட்டுப்பாடு அருமை. ஏடாவில் கையால் விடுவிக்கும்போது தப்பு செய்ய இன்னும் இடம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் எண்ணுக்கு எல்லை போடும் வசதி ரஸ்ட்டில் மொழியோடு சேர்ந்து வரவில்லை. 2024-ல் அமெரிக்க வெள்ளை மாளிகையே நினைவகப் பாதுகாப்புள்ள மொழிகளுக்கு மாறுங்கள் என்று அறிக்கை விட்டது. எங்கள் மேனேஜர்கள் அதை ஃபார்வர்டு செய்துவிட்டு, மறுநாள் காலையில் பழைய ஆணியையே பிடுங்கச் சொன்னார்கள்.

"வேலை கிடைக்குமா?"

அண்ணாச்சியின் கேள்வி இது. இதை நான் கிண்டல் செய்யமாட்டேன். ஊரை விட்டு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேலே வந்து, பிள்ளையை லோன் போட்டுப் படிக்க வைக்கிறவர் கேட்கத்தான் வேண்டும். உண்மையைச் சொல்கிறேன். ஏடா என்று கேட்டு ஆள் எடுப்பவர்கள் இந்தியாவில் குறைவு. விமானம், ரயில், பாதுகாப்புத் துறை சார்ந்த சில இடங்கள்தான். அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். பையன் சி-யை விடவும் வேண்டாம், சோறு அதில்தான் இருக்கிறது.

ஆனால் ஒரு மொழி நமக்குக் கொடுப்பது வேலை மட்டுமா? ஏடா எழுதிப் பழகியவன் சி எழுதும்போதும் "இந்த எண் என்ன அளவில்? எதுவரை போகும்? யார் சரிபார்ப்பது?" என்று கேட்பான். அந்த மூன்று கேள்வியையும் எனக்கு எந்தக் கல்லூரியும் கற்றுத் தரவில்லை. ஒரு தொட்டிப் பால் வாய்க்காலில் ஓடியபிறகுதான் கற்றுக்கொண்டேன். அந்தப் பாலுக்கு நான் ஒரு பைசா கொடுக்கவில்லை. தப்பு செய்கிறவன் ஒருத்தன், அதற்குப் பணம் கட்டுகிறவன் இன்னொருத்தன். எங்கள் தொழிலின் வழக்கமே இதுதான்.

புதன்கிழமை ராத்திரி பையன் லேப்டாப்போடு வந்து நின்றான். இறக்கிப் பார்த்திருக்கிறான். இலவசம்தானே.

"அங்கிள், ரெண்டும் நம்பர்தான். கம்பேர் பண்ணவே விடமாட்டேங்குது. எரிச்சலா இருக்கு."

"என்ன ரெண்டு நம்பர்?"

"ஒண்ணு நிமிஷம், இன்னொண்ணு செகண்ட்."

உட்காரச் சொல்லி சாங்லி கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. அந்தப் பெரியவர் கேட்ட கேள்வியைச் சொன்னபோது ஸ்க்ரீனைத் திரும்பிப் பார்த்தான். கம்பைலரின் சிவப்பு வரி அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

"இதுக்குத் தெரிஞ்சிருக்கும்ல அங்கிள்?" என்றான்.

தெரிந்திருக்கும்டா, தம்பி.

டிஸ்கி: அண்ணாச்சி இன்னும் முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. "சரி தம்பி, ஜாவாவையும் சேர்த்துப் படிச்சுக்கிடட்டும்" என்றிருக்கிறார். படிக்கட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை.